பதினேழு நாள் சொல்லாதது

7 ஜனவரி 2026, புதன்

காலையில் மழை, பத்து மணிக்குமேல் வெயில். மாதத்தின் முதல் புதன், ஆகவே சமையலறைச் சாமான்களைச் சுத்தம் செய்வது என் முறை. வடிகட்டி, கெண்டி, பிளாஸ்க். பிளாஸ்க் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டு ஜன்னல் விளிம்பில் காய வைத்தேன்.

நல்லம்மா பார்த்துவிட்டாள். "வளையத்தையும் குளிக்க வார்க்கிறீங்களோ? அனுஜா பிறந்தபோது அவளைக் குளிக்க வார்க்க உங்களுக்குப் பயம்."

உண்மைதான். வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். எங்கள் மகள் அந்த அனுஜாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை இன்ஜினியர்.

தைப்பூசத்துக்கு இன்னும் இருபத்தைந்து நாள். நல்லம்மா விரதம் தொடங்கிவிட்டாள். பேத்தி ரூபினி எட்டாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அவள் வைத்த நேர்த்திக்கடன்: மூன்று வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம். இது மூன்றாவது. வழக்கம்போல நான் அடிவாரத்தில் அவள் செருப்புக்குக் காவல்.

8 ஜனவரி, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மாலை நாலு பத்துக்கு நல்லம்மா பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றினாள். வலது கையில் பிளாஸ்க், இடது கையில் கோப்பை. மூடியோரமாகக் கோப்பி குபுக்கென்று பாய்ந்து இடது மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம்வரை கொட்டிவிட்டது. அவள் கத்தவில்லை. "ஐயோ" என்று ஒரே ஒரு தரம். கோப்பை உடைந்தது.

நான் முதலில் செய்தது பிழை. குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ் எடுத்தேன். கதவில் நான்தான் ஒட்டி வைத்த கிளினிக் தாள் கண்ணில் பட்டது: ஐஸ் வேண்டாம், ஓடும் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். ஐஸைக் கீழே போட்டுவிட்டு அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன்.

பிறகு காப்பு. வீங்குவதற்குள் நகையைக் கழற்ற வேண்டும் என்று தாளில் இருக்கிறது. நாற்பத்து நாலு வருடமாக அந்தக் கையிலிருந்து இறங்காத இரண்டு காப்பு.

"புருஷன் உயிரோட இருக்கேக்க கழட்டக்கூடாது."

"நான் உயிரோடதானே நிற்கிறேன், நல்லம்மா."

"உங்கட முகத்தைக் கண்ணாடியில பாருங்கோ. ஆர் நம்புவினம்?"

எரிவில் கண்ணீர் வழிய வழியப் பகிடி விடுகிறாள்! சோப்புப் போட்டு மெல்லக் கழற்றினேன். உடனே இரண்டையும் வலது கையில் போட்டு விடச் சொன்னாள். இப்போது வலது கையில் நாலு காப்பு. பக்கத்து அறையில் அசைந்தாலே கேட்கிறது.

இருபது நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துப் பிடித்தேன். நடுவில் அது பத்தா இருபதா என்று சந்தேகம் வந்து தாளை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். பிறகு மிச்ச சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகச் சுற்றினேன்.

"என்ன, என்னை நாளைக்குச் சூடாக்கிச் சாப்பிடப் போறீங்களோ?"

அடுத்த வீட்டு ஹமீதா சத்தம் கேட்டு ஓடி வந்தாள், கையில் பற்பசையோடு. "அங்கிள், இத பூசுங்க லா, குளுகுளுன்னு இருக்கும்." தாளில் பற்பசை கூடாது என்று இருக்கிறது. ஆனால் எனக்கு ஒருவரிடமும் 'வேண்டாம்' சொல்லிப் பழக்கமில்லை. நன்றி சொல்லி வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன். ஏன் குளிர்பெட்டியில் என்று தெரியவில்லை.

கிராப் டாக்சி பிடித்துக் கிளினிக். கொப்புளம் மூன்று, ஆழமில்லை, இரண்டு மூன்று வாரத்தில் ஆறும் என்றார் டாக்டரம்மா. முதல் தண்ணீர் யார் ஊற்றியது என்று கேட்டார். நல்லம்மா என்னைக் காட்டினாள். மிகச் சரியாகச் செய்தீர்கள், பலர் செய்வதில்லை என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். காது சூடாகிவிட்டது.

9 ஜனவரி, வெள்ளி

காலை கஞ்சி வைத்தேன். பசையாகிவிட்டது.

ஜன்னல் விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறது.

நேற்று முன்தினம் கழற்றியவன் நான். திரும்பப் போட மறந்தவனும் நான். இந்தக் குறிப்பேட்டின் முந்தைய பக்கத்திலேயே என் கையெழுத்தில் இருக்கிறது. வளையமில்லாத மூடி எப்படித் தண்ணீரைப் பிடிக்கும்?

சொல்லத்தான் போனேன். நல்லம்மா ஹமீதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கை நடுங்கிப்போச்சு பிள்ளை. என்ர அக்காவுக்கும் இந்த வயசிலதான் தொடங்கினது."

ஹமீதா, "அங்கிள் மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்! டாக்டரே பாராட்டுனாங்களாமே" என்றாள்.

நான் சமையலறைக்குத் திரும்பிப்போய் வளையத்தை மூடியில் பொருத்தினேன். சத்தமில்லாமல்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

11 ஜனவரி, ஞாயிறு

எட்டாவது மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மின்தூக்கியில் ஒரு சீனப் பெரியவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் உயர்த்தினேன். வேறென்ன செய்வது?

12 ஜனவரி, திங்கள்

கட்டு மாற்ற கிளினிக். கொப்புளத்தை உடைக்காமல் வைத்திருப்பது நல்லது என்றார் டாக்டரம்மா. இன்னொரு பாராட்டு.

நல்லம்மா கோப்பையை அரைவாசிக்குமேல் நிரப்ப விடுவதில்லை. வலது கையை மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கிறாள். நடுங்குகிறதா என்று பார்க்கிறாள். யாராக இருந்தாலும் அப்படி உற்றுப் பார்த்தால் கொஞ்சம் நடுங்கத்தானே செய்யும்? நானும் என் கையை நீட்டிப் பார்த்தேன். அவளுடையதைவிட மோசம்.

15 ஜனவரி, வியாழன். பொங்கல்

வாழ்க்கையில் முதல் தரம் நான் பொங்கினேன். நல்லம்மா நாற்காலியில் இருந்து கட்டளை. பாலைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி எத்தனை என்று குறிக்கத் திரும்பிய ஒரு நொடியில் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

"எந்தப் பக்கம் பொங்கினது?" என்றாள்.

"எல்லாப் பக்கமும்."

அவள் சிரித்த சிரிப்பில் நாலு காப்பும் சேர்ந்து சத்தம் போட்டன. சர்க்கரை கூடிவிட்டது, அடியும் பிடித்துவிட்டது. ஹமீதா வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, கருத்து எதுவும் வரவில்லை.

நல்ல நாள். இன்று சொல்லியிருக்கலாம். நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று விட்டேன். கெட்ட நாளில் சொன்னால் இன்னும் கெடும் என்று விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

18 ஜனவரி, ஞாயிறு

பாலம் தாண்டி அனுஜா வந்தாள், ரூபினியோடு. ரூபினி வாசலிலிருந்தே கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மம்மா, தூக்கு!"

நல்லம்மா இரண்டு அடி பின்னால் போனாள். "வேண்டாம் குஞ்சு. அம்மம்மாவின்ர கை சரியில்லை. விழுத்திப் போடுவன்."

கட்டுப் போட்ட இடது கையைச் சொல்லவில்லை. வலது கையைச் சொன்னாள். ரூபினி கொஞ்ச நேரம் விரித்த கையோடே நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள். தூக்கினேன். எனக்குப் பாரமாக இருந்தது, பிள்ளை மட்டும் அல்ல.

சாப்பாட்டுக்குப் பிறகு நல்லம்மா சொன்னாள்: "அனுஜா, இந்த முறை பால்குடம் நீ எடு. நடுவழியில பாலைக் கொட்டிப் போட்டால் நேர்த்தி எல்லாம் வீண்."

"அம்மா, இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. கை ஆறிடும் லா."

"ஆறுறது தோல். நடுக்கம் ஆறுமோ?"

அனுஜா என்னைப் பார்த்தாள். நான் மேசை துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த மேசை.

20 ஜனவரி, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

22 ஜனவரி, வியாழன்

எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் வரைவு இரண்டு பக்கம், அதில் வளையம் இரண்டாம் பக்கத்தின் கடைசியில்தான் வருகிறது. இரண்டாம் வரைவில் 'கவனக்குறைவு நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். நேர்ந்ததா? யார் நேரவைத்தது? கிழித்தேன். முப்பத்தொரு வருடம் நூலகத்தில் மற்றவர்கள் எழுதிய புத்தகங்களைச் சரியான இடத்தில் அடுக்கினேன். என் ஒரு வாக்கியத்தை வைக்க இடம் தெரியவில்லை.

கொப்புளம் வற்றிவிட்டது. அடியில் புதுத் தோல், ரூபினியின் கன்னம் மாதிரி நிறம்.

24 ஜனவரி, சனி

நல்லம்மா பித்தளைக் குடத்தைப் புளி போட்டு என்னைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். பழைய பட்டுத்துணியில் சுற்றி, கொடுத்தனுப்பும் பையில் வைத்தாள். நாளை அனுஜா வந்து எடுத்துப் போகிறாள். பையின் வாயைக் கட்டிவிட்டு, அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணீர்மலைப் படி எனக்கு இனிப் போதும்" என்றாள், டிவியைப் பார்த்தபடி. டிவி போட்டிருக்கவில்லை.

25 ஜனவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பதினொன்றரைக்கு அனுஜா கீழே காரை நிறுத்தியதாகத் தொலைபேசியில் சொன்னாள். நல்லம்மா பையை எடுத்து என் கையில் கொடுத்து, "கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள். நான் வாசல்வரை போனேன். கதவைத் திறந்தேன். அங்கேயே நின்றேன்.

"உன் கை நடுங்கவில்லை" என்றேன், கதவைப் பார்த்து.

"என்ன?"

"பிளாஸ்க் மூடியில் ரப்பர் வளையம் இல்லை. நான்தான் கழற்றிக் காய வைத்தேன். போட மறந்தேன். மறுநாள் பார்த்தேன். போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை."

ஒரே மூச்சில். வரைவு இல்லாமல்.

நல்லம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு கிளாஸை எடுத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பினாள். வலது கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

கிளாஸை மேசையில் வைத்தாள். அதன்பிறகுதான் தொடங்கியது.

"பதினேழு நாள்! பதினேழு நாள் என்னைக் கிழவியாக்கி இருத்தி வச்சிருந்தீங்கள்! அந்தப் பிள்ளை கையை விரிச்சுக்கொண்டு நிக்க, நான் பின்னால போனன். பாத்துக்கொண்டு மேசை துடைச்சீங்கள்!"

"ஓம்."

"ஹீரோவாம்! மாடி முழுக்க ஹீரோ!"

"நான் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை..."

"சொல்லாமல் விடுறதுதான் உங்களுக்குக் கைவந்த வேலையாச்சே!"

அழுதாள். கோபத்தில்தான் என்று நினைக்கிறேன். அழுகைக்கு நடுவில் வாய் சிரிப்பதுபோலவும் இருந்தது. இதற்குள் அனுஜா மேலே வந்துவிட்டாள். வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள்போல. பையை என்னிடமிருந்து வாங்கி, முடிச்சை அவிழ்த்து, குடத்தை எடுத்துப் பூசையறையில் வைத்தாள்.

"அப்பா, நீங்க இன்னைக்கு பேசாம இருக்கிறதுதான் சேஃப்" என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் நல்லம்மாவின் தீர்ப்பு வந்தது. "இந்த முறை அடிவாரத்தில செருப்புக்குக் காவல் இல்லை. நீங்களும் மேல வாறீங்கள். எனக்குப் பின்னால, ஒவ்வொரு படியும்."

படி ஐந்நூற்றுக்குமேல். கூட்டம் லட்சக்கணக்கில். எனக்குக் கூட்டம் என்றாலே மூச்சு முட்டும்.

"சரி" என்றேன். சோறு இறங்கியது, பல நாளைக்குப் பிறகு.

27 ஜனவரி, செவ்வாய்

கடைசிக் கட்டை அவிழ்த்தார்கள். புதுத் தோலில் வெயில் படக்கூடாது, முழுக்கைச் சட்டை போடுங்கள் என்றார் டாக்டரம்மா. மறுபடி என்னைப் பாராட்ட வாயெடுத்தார். நல்லம்மா முந்திக்கொண்டு, காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள், ஆங்கிலத்தில், நர்சுக்கும் கேட்கும்படி. டாக்டரம்மா சிரித்தார். இருந்தாலும் தண்ணீர் ஊற்றியது சரிதான் என்றார்.

ஹமீதாவிடம் நானே போய்ச் சொன்னேன். பற்பசையையும் திருப்பிக் கொடுத்தேன். "சரி விடுங்க அங்கிள்" என்றாள். பிறகு, "என்ன இது, இவ்ளோ சில்லுன்னு இருக்கு?" என்றாள்.

1 பிப்ரவரி, ஞாயிறு. தைப்பூசம்

விடியுமுன் ஏறத் தொடங்கினோம். நல்லம்மாவுக்கு மஞ்சள் நிற முழுக்கைச் சட்டை, மஞ்சள் சேலை, தலையில் குடம். நான் இரண்டு படி பின்னால். முன்னால் அனுஜா, அவள் கணவன் தோளில் ரூபினி. கூட்டத்தைப் பார்க்காமல் இருக்க நல்லம்மாவின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். இருநூறுவரை எண்ணினேன், பிறகு மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை போய்விட்டது. யாரோ ஒரு தம்பி, "தாத்தா, மெதுவா லா, முருகன் எங்கேயும் போகமாட்டார்" என்றான்.

உச்சியில் குடத்தை வாங்கிய அர்ச்சகர் உள்ளே பார்த்தார். பால் கழுத்துவரை இருந்தது. நல்லம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது இத்தனை நாளில் அந்த ஒரு தரம்தான்.

இறங்கும்போது நடுங்கியது என் முழங்கால்தான். அவள் இடது கையை நீட்டினாள். சட்டைக்கு மேலாகத்தான் பிடித்தேன், இருந்தாலும் தயங்கி, "நோகுமா?" என்றேன்.

"நொந்தால் உடனே சொல்லுவன். உங்களை மாதிரியோ நான்?"

2 பிப்ரவரி, திங்கள்

தொடை, கெண்டைக்கால், எல்லாம் வலி. கட்டிலிலிருந்து எழ மூன்று முயற்சி.

ரூபினி இரவு இங்கேதான் தங்கினாள். நல்லம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே சந்தைக்குப் போயிருக்கிறாள். மின்தூக்கி வரும்வரை இருவரும் ஏதோ சண்டை, வாழைப்பழத்தைப் பற்றி. காப்பு இரண்டு கையிலும் இரண்டிரண்டு.

சோறு நான் வைக்க வேண்டும். தண்ணீர் அளவை அவளிடம் கேட்கவில்லை. பசையாகிவிட்டால், அவள் வந்ததும் நானே சொல்லிவிடுவேன்.