பக்கத்தின் அடியில் ஒரு வரி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு விடுப்பு விண்ணப்பம், ஒரு வாடகை ஒப்பந்தம். பதினொரு மணிக்கு ஐந்து போலீஸ்காரர்கள். என் தட்டச்சுக் கடை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நான் எழுந்தால்தான் நாற்காலியை நகர்த்த முடியும். அதற்குள் ஐந்து பேர் நுழைந்த காட்சிக்கு டிக்கெட் போட்டிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் வாரண்டை நீட்டினார். காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று, ஒரு தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பத்திரிகைக்கு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. தன் பெயர் கெட்டுவிட்டதாக ஆஸ்பத்திரி முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். மருந்து கெட்டதைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை போலும்.

"இங்கதான் டைப் பண்ணினதுன்னு எப்படி சார் சொல்றீங்க?"

கடிதத்தின் நகலைக் காட்டினார். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: 'தட்டச்சு, நகல், பைண்டிங் – மாடிப்படி அடியில்.' என் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தானாக வந்து உட்காரும் வரி. விளம்பரத்துக்காக நானே வைத்தது. மொட்டைக் கடிதத்தில் அதை எடுக்க மறந்திருக்கிறேன். சபாஷ்.

வாரண்டில் இருந்தது: 'அக்கடிதம் தட்டச்சு செய்யப்பட்ட கம்ப்யூட்டர்.' அவர்கள் தூக்கிப் போனது: கம்ப்யூட்டர், திரை, கீபோர்டு, பிரிண்டர், என் வீட்டுக்காரர் பழைய பாட்டு சேர்த்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க், என் கால்குலேட்டர். ஸ்டேப்ளரையும் ஒருவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிய மனசு பண்ணி வைத்துவிட்டார். எதற்கும் சீல் வைக்கவில்லை. பட்டியல் கேட்டேன். "ஸ்டேஷன்ல போய் எழுதி அனுப்புறோம்மா" என்றார்கள்.

மார்ச் 5, புதன்

எழுதச் சொன்னது அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் பெண். போன மாதம் டியூட்டி முடிந்து வந்து, நின்றபடியே சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "யாருக்கும் தெரியாதில்ல அக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள். தெரியாது என்று மூன்று தடவையும் சொன்னேன்.

தெரிந்தால் வேலை போகும். வேறு ஆஸ்பத்திரியிலும் சேர்க்க மாட்டார்கள். அவளை எச்சரிக்கலாமென்றால், அவள் நம்பர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கோப்பின் பெயர் வேறு 'நர்ஸ் பொண்ணு – மருந்து'. இதைவிட வசதியாகப் போலீஸுக்கு யார் எடுத்து வைப்பார்கள்?

வாடிக்கையாளர் கோப்புகளை மட்டும் ஒரே ஃபோல்டரில் வைத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறேன். அந்த ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்திருக்கிறேன். என்னை நம்பி வந்தவள். ஒரு வரி விளம்பரத்துக்காக அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டேனே.

மார்ச் 6, வியாழன்

வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "என் தங்கச்சி வக்கீலாத்தானே இருக்கா..."

அந்தத் தங்கச்சியோடு நான் பேசி எட்டு மாதம் ஆகிறது. புதுத் திரைச்சீலையைப் பார்த்து, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு அண்ணி" என்று சொன்ன மகராசி.

இப்போது ஆஸ்பத்திரி விஷயத்துக்கே அவளிடம் போக வேண்டியிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

நாத்தனார் வந்தாள். திரைச்சீலையை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"பாஸ்வேர்டு கேப்பாங்க. வாயைத் திறக்காதீங்க அண்ணி. வேணும்னா கோர்ட்ல மனு போட்டுக் கேக்கட்டும்."

"சரி."

"எனக்காவது சொல்லி வைங்க."

"உனக்கு வேண்டாம்."

எப்படிச் சொல்வேன்? அந்தப் பாஸ்வேர்டு, அவளுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பட்டப்பெயர்.

மார்ச் 8, சனி

கையால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். விரல் வீங்கிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், அக்கறையாக விசாரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார்கூட என்னை இப்படிக் கவனித்ததில்லை.

"பாஸ்வேர்டைச் சும்மா சொல்லிடுங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை. நீங்க வீட்டுக்குப் போயிடலாம்."

"வாரண்ட்ல கம்ப்யூட்டர்னுதானே சார் இருக்கு. என் நாக்கைப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

டீயைக் குடித்துவிட்டுத்தான் சொன்னேன். பாஸ்வேர்டைச் சொல்ல வைக்கும்படி இன்ஸ்பெக்டர் கோர்ட்டில் மனு போட்டுவிட்டாராம். பத்தொன்பதாம் தேதி விசாரணை. கிளம்பும்போது, ஆறு நாள் கழித்து, பறிமுதல் பட்டியலைக் கையில் கொடுத்தார். தேதி மட்டும் மார்ச் 4.

வீட்டில் உட்கார்ந்து படித்தேன். தொழில் புத்தி, கை தானாகப் பேனாவை எடுத்துப் பிழை திருத்த ஆரம்பித்தது. 'மேற்படி பொருட்கள் கடையிலேயே, உரிமையாளர் முன்னிலையில் சீல் வைக்கப்பட்டன. அதன்பின் யாராலும் இயக்கப்படவில்லை.' இதை எந்தப் பிழையில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டே பக்கத்தின் அடிக்கு வந்தேன்.

பொடி எழுத்து. 'தட்டச்சு, நகல், பைண்டிங் – மாடிப்படி அடியில்.'

மறுபடி படித்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். பிறகு எட்டு மாதத்தில் முதல் தடவையாக நானே நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

அந்த அடி வரியைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஸ்டேஷன் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு போல அண்ணி. உங்க மெஷினையே மாட்டி, யாரும் தொடலைன்னு அதுலயே டைப் பண்ணி, உங்க பிரிண்டர்லயே எடுத்திருக்காங்க."

மார்ச் 19, புதன்

நீதிபதி பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். கீழே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அடியில இருக்கிறது என்ன?"

"அது... ஃபார்மேட்டுங்க ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்க ஸ்டேஷன் மாடிப்படிக்கு அடியிலயா இருக்கு?"

அரசு வக்கீல் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாத்தனார் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினாள். எடுத்த பிறகு இயக்கப்பட்ட கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் யாரும் சேர்த்திருக்கலாம், அழித்திருக்கலாம். வாரண்டில் இல்லாததையெல்லாம் அள்ளி வந்திருக்கிறார்கள். பாட்டுக்கும் மொட்டைக் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்? சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்: கேட்க நன்றாக இருந்தது.

உத்தரவு: அந்தக் கம்ப்யூட்டரைச் சாட்சியாக ஏற்க முடியாது. பாஸ்வேர்டு கேட்ட மனு தள்ளுபடி. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டை கொடுத்தாள். வாயே திறக்கவில்லை, அதிசயம்.

மார்ச் 21, வெள்ளி

எல்லாம் வந்துவிட்டது, கால்குலேட்டரைத் தவிர. அதன் மேல் தனி வழக்கு போலும்.

திறந்தால், அவர்கள் அடித்த பட்டியல் அப்படியே இருக்கிறது. கூடவே இன்ஸ்பெக்டரின் விடுப்பு விண்ணப்பம்: மகளுக்குப் பரீட்சை, நான்கு நாள். அதிலும் அடியில் என் வரி. லீவு கிடைத்ததோ என்னவோ. பழக்க தோஷம், ஐந்து பிழை திருத்தினேன்.

பாஸ்வேர்டை மாற்றவில்லை. 'ஒலிபெருக்கி' நாத்தனாருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. முக்கால் மணி நேரம்!

நர்ஸ் பெண்ணுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அவளே வந்தாள். கடை சாத்தும் நேரம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையமர்த்தினாள்.

"எங்க வார்டு ஆயாம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க அக்கா. அவங்கதான் எழுதினாங்கன்னு."

"எதை வச்சு?"

"எதையும் வச்சு இல்ல. யாரையாவது நிறுத்தணுமே. அவங்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாதுக்கா."

எனக்குக் கிண்டல் ஒன்றும் வரவில்லை.

"அதே லெட்டரை மறுபடி அடிங்க. மருந்து அதிகாரிக்கு. இந்தத் தடவை என் பேரைப் போடுங்க."

"வேலை?"

"போகும்" என்றாள்.

அடித்தேன். முழுப்பெயர், பதவி, விலாசம். பிரிண்ட் கொடுக்கும் முன், அடியில் இருந்த என் விளம்பர வரியில் கர்சரை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். "இதை எடுத்துடட்டுமா?" என்றேன்.

"உங்க இஷ்டம் அக்கா."

அழிக்காமல் கர்சரை நகர்த்தினேன். காகிதம் வெளியே வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், நானும் இருந்தேன்.