திரை போட்டாச்சு

என் செல்லக் கழுதைக்கு, நானும் அப்பாவும் நலம், நீ நலமென்று போனில் சொன்னதை நம்பித்தான் இதை எழுதுகிறேன். அப்பாவின் தையல் கடையில் வேலை குவிந்து கிடக்கிறது, முதுகுவலிக்குக் கொஞ்சம் படுங்கள் என்றால் கேட்பதில்லை. பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே விழுந்து திட்டுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் விண்வெளித் தொலைநோக்கிக்கு அடிபட்டது உனக்குத் தெரியும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள் மாதிரி அதன் கண்ணாடிகள், எக்ஸ் கதிர்கள் உள்சுவரை உரசிக்கொண்டு போய்ப் பின்னாலிருக்கும் உணர்கருவியில் விழும். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு மண்டலத்தைக் கடக்கும்போது அதே வழியில் துகள்களும் புகுந்து கருவியை அரிக்கும், அப்போது தடித்த உலோகத் தகட்டை இறக்கி மூட வேண்டும். சாதாரண வெளிச்சத்தை மட்டும் தடுக்க மெல்லிய படலம் ஒன்றும் உண்டு. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இரண்டுக்கும் பெயர் திரைதான். பழைய ஆட்களுக்கு எது எப்போது என்று பழக்கம். ஒப்பந்தத்தில் புதிதாக வந்த பெண்ணுக்கு, வாலு என்று கூப்பிடுவோமே அவளுக்கு, பயிற்சியே தரவில்லை, செலவாம். மண்டலம் நெருங்கியதும் ஷிப்ட் பொறுப்பாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "திரை போட்டாச்சா?" என்றார், அவள் "போட்டாச்சு சார்" என்றாள். அவள் போட்டது படலம். அதன்பிறகு வந்த படமெல்லாம் மங்கல், இனி அதைச் சரிசெய்ய மேலே போக யாராலும் முடியாது.

பழி முழுக்க அவள் தலையில். அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள், நாளை விசாரணை. இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஓய்வு பெறுகிற நேரத்தில் உங்களுக்கு எதற்கும்மா இந்த வம்பு என்று இளித்தார். பயிற்சியை வெட்டியதே அந்த ஆள்தான். நீயும் போனில் அதையேதான் சொன்னாய், யாரோ ஒரு ஒப்பந்தக்காரிக்காக உன் பென்ஷனைக் கெடுத்துக்காதேம்மா என்று. நீ அங்கே என்னடி, நிரந்தர வேலையிலா இருக்கிறாய்? நாளைக்கு உன்னை வாசலில் நிறுத்தினால் உள்ளேயிருந்து ஒருத்தியாவது எழுந்து பேச வேண்டாமா?

நான் பேசப்போகிறேன். எங்கள் அறையில் திரை என்றால் இரண்டு, அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். அப்பாவிடம் சொன்னதற்கு, வேலை போனா கடைக்கு வந்துடு, சட்டைக்குக் காஜா எடுக்க ஆளில்லை என்கிறார். சிரித்தோம்.

நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. இதை மட்டும் மறக்காதே, அங்கே உன்னிடம் யாராவது போட்டாச்சா என்று கேட்டால், எதை என்று திருப்பிக் கேள். முட்டாள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

உன்னையும் நினைத்துக்கொண்டே நாளை எழுந்து நிற்கப்போகும்,
அம்மா