திரும்பி வரும் பெயர்

என் தங்கமே,

பேரன் பிறந்த சேதி கேட்டதுமே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை. குழந்தைக்கு உன் தம்பி பெயரை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். "வேண்டவே வேண்டாம். அந்தப் பேரை வாயால கூப்பிட என்னால முடியாது" என்று உன் அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

நேற்று எங்கள் வானிலை அலுவலகத்தில், போன புயல் பருவத்துக்கான கடைசிக் கூட்டம். நம் நாட்டில் மாதிரி இல்லை, இங்கே அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு புயலின் பெயராகப் படிப்போம். ஆளைக் கொன்ற புயலின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம். அது இனி எந்தப் புயலுக்கும் வராது. சும்மா பூச்சாண்டி காட்டிவிட்டுக் கடலிலேயே கரைந்துபோனவற்றின் பெயர்கள் சில வருஷம் கழித்துத் திரும்பி வரும்.

மூன்றாவது பெயர் வந்தது. அறுந்த மின்கம்பியைக் கட்டப் போன உன் தம்பி வீடு திரும்பாமல் போனானே, அந்தப் புயல். எல்லாரும் மேசையையே பார்த்தார்கள். மேலதிகாரி பேனாவை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே அடிச்சிடுங்க சார்" என்றார். தாள் கிழியும்படி அடித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம பிள்ளை யாருக்கு என்ன கெடுதல் பண்ணான்? அவன் பேரை எதுக்கு அடிக்கணும்?"

அந்தப் பேரையே வைத்துவிடு கண்ணு. முதல் தடவை அவள்தான் கூப்பிடுவாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறோம். குழந்தையின் காதருகே பிடி. அவள் குரல் வரக் கொஞ்சம் நேரமாகும். போனை வைத்துவிடாதே.

அப்பா