கறிவேப்பிலைக்கு ஊற்றிய தண்ணீர்

மே 14, 2007

மழை. திங்கட்கிழமையில் அண்ணா கூப்பிட மாட்டான், கூப்பிட்டான். ஃபீனிக்ஸில் வீட்டுக் கொல்லையில் அண்ணியை எறும்பு கடித்து, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். இன்னொரு கடி ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த எறும்பு என்று தெரிந்தால்தான் சிகிச்சையாம்.

"நீ எறும்புக்குத்தானே படிக்கிற, சொல்லு."

ஐந்து வருடமாக என் படிப்பைக் கேலி செய்தவன். இன்று அவனே கேட்கிறான்.

மே 16

போட்டோ வந்தது. ஒரு செருப்பு, பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இதை வைத்து எறும்பு என்று சொல்வதே அதிகம். கடித்த இடத்தில் மறுநாள் சீழ் கோத்த மாதிரி வெள்ளைக் கொப்புளம் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். நெருப்பெறும்போ என்ற சந்தேகம் வலுத்தது. ஆனால் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

முறுக்குத் துண்டு ஒன்றைக் கொல்லையில் போடு, எண்ணெய்க்கு வரும், அப்படியே டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வை, செத்ததும் ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பு என்றேன். "முறுக்கா? சும்மா விளையாடாதே" என்றான். அனுப்புவான்.

மே 29

பார்சல் வந்தது. மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன்.

இடுப்பில் இரண்டு முடிச்சு. உணர்கொம்பில் பத்துக் கணு, கடைசி இரண்டும் தடித்தவை. முதுகில் முள் இல்லை. நான் இருக்கும் மொன்றியலில் நடைபாதையில் திரியும் எறும்புக்கு முதுகில் முள் உண்டு. ஒரே கூட்டத்தில் சின்னதும் பெரியதும் கலந்து இருக்கின்றன. நெருப்பெறும்பேதான். முகத்தின் முன் விளிம்பில் நடுப்பல் இல்லை. அதனால் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஜாதி அல்ல, அந்தப் பாலைவனத்துக்கே சொந்தமான ஜாதி. வந்தேறிகள் அண்ணாவும் அண்ணியும்தான்.

மே 30

அண்ணா நம்பவில்லை. "பாலைவனத்துல ஏதுடி நெருப்பெறும்பு? அது டெக்சாஸ்ல. நெட்டுல பாத்தேன், முழங்கால் உயரம் புத்து கட்டுமாம். இங்க ஒரு புத்தும் இல்ல."

அங்கே புற்று எழாது. வெயிலில் ஈரம் எங்கே தங்குகிறதோ அங்கே, மண்ணோடு மண்ணாகத் தட்டையாக, பொலபொலவென்று கிடக்கும். புல்தரை, சொட்டுக் குழாய், கல்லடி. யாராவது தண்ணீர் ஊற்றும் இடம்தான் அதற்கு வீடு.

"எங்க வீட்டுல புல்லே இல்ல, வெறும் ஜல்லி."

அண்ணியிடம் கொடு என்றேன். ரக்ஷனா என்னைவிட இளையவள். கல்யாணத்தில் பேசியதுதான், பிறகு பெரிதாகப் பேசியதில்லை. கொல்லையில் எதற்காவது தண்ணீர் ஊற்றுகிறாயா என்று கேட்டேன்.

"கறிவேப்பிலைக்கு மட்டும்தான். அரிசி கழுவின தண்ணி. தெனமும், ரெண்டு வேளையும்."

அவ்வளவு ஜல்லிக்கு நடுவே அந்த ஒரு சாண் ஈரம்.

ஜூன் 3

செடியை எடுத்துவிடச் சொன்னேன். மாணவர்களுக்குச் சொல்கிற குரலில் சொன்னேன் போல. அவள் போனை அண்ணாவிடம் கொடுத்துவிட்டாள். விதையிலிருந்து முளைக்க வைத்த செடி, அங்கே அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான் என்று அண்ணா பிறகு சொன்னான்.

ஜூன் 10

பூட்ஸ் போட்டு அண்ணா பிடுங்கி எறிந்தான். எறும்பு மருந்தும் போட்டாயிற்று. மிச்சம் இருக்கலாம், அந்த இடத்தை இனி நனைக்க வேண்டாம், வெறுங்காலோடு போகவே வேண்டாம் என்றேன். டாக்டர் கொடுத்த அவசர ஊசி அலமாரியில் இருந்தால் பிரயோஜனம் இல்லை, நைட்டியில் பை தைத்துக்கொள் என்றதற்கு, "நைட்டிக்கு யாருங்க பை வெப்பா?" என்று சிரித்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஜூலை 22

ஐயோ. மறுபடி கடித்துவிட்டது.

அரிசி கழுவியிருக்கிறாள். பாத்திரத்தோடு செடி இருந்த இடத்துக்கே போயிருக்கிறாள், வெறுங்காலோடு. அதுவும் இன்றைக்கு மட்டும் இல்லை, பல நாளாக! "செடி இல்லன்னு தெரியும் தேவிகா. கை பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுது. சிங்க்ல கொட்ட மனசு வரல."

நைட்டியில் பை இருந்தது. பையில் ஊசி இருந்தது. தானே தொடையில் குத்திக்கொண்டிருக்கிறாள்.

எறும்பின் முகத்துப் பல்லை எண்ணத் தெரிந்த எனக்கு, ஒருத்தி தண்ணியை எங்க கொட்டுவாள்னு ஏன் தோணல?

செப்டம்பர் 9

சிகிச்சை தொடங்கிவிட்டது. அதே எறும்பை அரைத்து எடுத்த சாறுதான், துளித்துளியாக, சில வருடங்களுக்கு. அவளே கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு, "உங்க ஊர்ல அந்த எறும்பு உண்டா?"

இல்லை, இங்கே பனியில் மண்ணே இறுகிவிடும் என்றேன்.

"அப்ப நீங்க ஒரு கறிவேப்பிலை வைங்களேன்."

செப்டம்பர் 15

இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், யாழ்ப்பாணத்துச் செல்வமலர் அக்கா கடை. அவர் பாண் என்கிற ரொட்டியை வாங்க மட்டும் வருகிற நான் கறிவேப்பிலைக் கன்று கேட்டதும் ஏற இறங்கப் பார்த்தார். "நீர் சமைக்கிறனீரோ?" இல்லை என்றேன். "பேந்து ஏன் பிள்ளை?" வேறொருவருக்காக என்றேன். "ஓம், ஓம். யன்னலடியில வையும், குளிர் படவிடாதையும்."

டிசம்பர் 16

கடும் பனி. இலை எல்லாம் கொட்டிவிட்டது. ஞாயிறுதோறும் கூப்பிடுகிறவளிடம் மறைக்கவில்லை. "குச்சி பச்சையா இருக்கா? அப்ப உயிர் இருக்கு. அரிசி கழுவின தண்ணி ஊத்துங்க."

என் வீட்டில் அரிசி ஏது?

மார்ச் 9, 2008

நேற்றிரவிலிருந்து பனிப்புயல், பஸ் இல்லை. ஆனாலும் செடியில் துளிர் விட்டிருக்கிறது. அவளிடம் சொன்னபோது மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

டிசம்பரில் வாங்கிய அரிசி மூட்டை காலி. இத்தனை நாளும் தினம் சோறு மீந்துபோனது. கழுவிய தண்ணீர் மட்டும் செடிக்குச் சரியாக இருந்தது.