மணலுக்கு இறக்கிய காற்று

சந்தி டயர்க்கடைக்குள் கால் வைத்ததும் உங்கள் சட்டையின் மணம் அடித்தது. புது ரப்பர் மணம், அதோடு கொஞ்சம் தேத்தண்ணி மணம். இருபது வருடம் அந்தச் சட்டைகளைத் தோய்த்தவள் நான். அது பிக்கப்பின் மணம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உங்கள் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து பிக்கப்பை ஓட்டுகிறவள் நான்தான். என் சீலையில் மீனும் ஐஸ் தண்ணீரும் மணக்கிறதே தவிர, இந்த மணம் ஒரு நாளும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசித்ததும் இல்லை.

அதற்கு முதல், நான்கு டயர் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். நீங்கள் இல்லாமல் நான் தனியாக வாங்கப் போன முதல் பெரிய சாமான் அதுதான். வீட்டுக்கு அலுமாரி வாங்கியபோதுகூட நிறத்தை மட்டும்தான் என்னிடம் கேட்டீர்கள். மற்றதெல்லாம் நீங்களே பார்த்து, தட்டி, விலை பேசி முடித்துவிட்டீர்கள். அப்போது அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

ஏன் டயர் என்று கேட்பீர்கள். முதலில் இதைச் சொல்ல வேண்டும். நம் பிக்கப்பில் இப்போது மீன் மட்டும் போவதில்லை. சல்லி ஊரில் தலைச்சுமையாக மீன் விற்கும் ஐந்து பெண்கள் பின்னால் ஏறி, கந்தளாய் ரோட்டில் ஆளுக்கொரு சந்தியில் இறங்குகிறார்கள். முன்பு பஸ்ஸில் போனவர்கள். மீன் நாறுகிறது என்று கண்டக்டர் கடைசிப் படியில் நிற்க வைப்பானாம். ஈஸ்வரி அதைச் சொல்லி அழுத அன்று, "நாளைக்கு என்ரை வாகனத்தில வாங்கோ" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. மீன் பெட்டி கவிழ்ந்தால் மீன்தான் போகும். பின்னால் இருப்பது ஐந்து வீட்டுத் தாய்மார். வளைவுக்கு வளைவு கண்ணாடியில் தலைகளை எண்ணிக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

போன கிழமை கந்தளாய் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது ஈஸ்வரி கூரையில் தட்டினாள்.

"அக்கா, நிப்பாட்டுங்கோ. பின் டயர் கொப்பளிச்சுக் கிடக்கு."

இறங்கிப் பார்த்தேன். டயரின் பக்கத்தில், சுடுதண்ணி பட்ட கையில் எழும்புகிற கொப்பளம் போல, என் கைமுட்டி அளவு வீங்கி நின்றது. தொட்டால் கொதித்தது. ஐந்து பேரையும் இறக்கி மர நிழலில் நிறுத்திவிட்டு, வாகனத்தைத் தூக்கும் ஜக்கை எடுத்தேன். நட்டுக் கழற்ற நீங்கள் காட்டித் தந்தது கைக்கு மறக்கவில்லை. உதிரி டயரைப் பூட்டினேன். இன்னும் இரண்டு மைல் ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

டவுன் கடையில் நின்றவன் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான்.

"ஆம்பிளையள் ஆரும் வரேல்லையோ? டயர் விசயம் உங்களுக்கு விளங்காது. அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவர் வர ஏலாது. செத்துப்போனார். ஓடுறது நான்தான், எனக்குச் சொல்லுங்கோ."

முகம் சுருங்கிப் போய் மூன்று வகை காட்டினான். ஒன்று மேலே பெரிய பெரிய ரப்பர்க் கட்டைகள் வைத்தது. கடற்கரை மணலுக்கு அதுதான் பிடிக்கும் என்றான். ஒன்று ஜப்பானில் ஓடிவிட்டு வந்தது. புதுசு மாதிரி என்றான். மற்றது தார் ரோட்டுக்கு என்று மழமழவென்று இருந்தது. "டயரைப் பாத்து வாங்கக் கூடாது, ஓடுற ரோட்டைப் பாத்து வாங்கவேணும்" என்று நீங்கள் யாருக்கோ போனில் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு விடியற்காலையில் மணல், பிறகு முழுக்கத் தார். எந்த ரோட்டைப் பார்ப்பது? ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டேன். அவன் மூன்று தரமும் விலை கூடியதையே காட்டினான். "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் ஐந்து பேரும் பழையபடி பஸ் படியில் போனார்கள். "எப்ப அக்கா வாறீங்கள்?" என்று ஈஸ்வரி போன் எடுத்துக்கொண்டே இருந்தாள். பிழையான டயரை வாங்கிப் பூட்டி இவர்களை ஏற்றுவதா, ஏற்றாமலே விடுவதா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

கடைசியில், போகவே மாட்டேன் என்றிருந்த இடத்துக்குத்தான் போனேன். சந்தியில் இருக்கிற நானாவின் டயர்க்கடை; முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லாருக்கும் அவர் நானாதான். குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து கடை போட்டிருக்கிற அந்த மனுசனில் எனக்கு எவ்வளவு கோபம் என்று உங்களுக்குத் தெரியும். மீனை ஏற்றிக்கொண்டு கடற்கரையால் வெளிக்கிட்டால் நேரே போகாமல் அவரிடம் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவீர்கள். "அந்த நானாவோட உங்களுக்கு ஒவ்வொரு நாளும் என்ன கதை? ஐஸ் கரையுது, மனுசி காத்திருக்கிறா எண்ட எண்ணம் இல்லை" என்று நான் ஏசாத நாள் இல்லை. "ரெண்டு கதை கதைச்சிட்டு வந்தனான்" என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றித் தருவீர்கள். செத்த வீட்டுக்கு அவர் வந்தபோதுகூட நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நானா என்னைக் கண்டதும் இருக்கக் கதிரையை இழுத்துப் போட்டார். கொப்பளித்த டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் தடவி, கையை என் முன்னால் விரித்தார். உள்ளங்கை நிறையக் கறுத்த தூள்.

"தங்கச்சி, இது வெளியில தேயல்ல. உள்ளுக்க வெந்து போயிருக்கு. காத்து எங்க ஏத்துறீங்க?"

"ஏத்துறதோ?" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மணல்ல ஓட அவர் காத்தை இறக்குவார் தானே. இறக்கினா தார் ரோட்டுக்கு வந்ததும் திருப்பி ஏத்தணும். ஒவ்வொரு நாளும் இங்க நிண்டு ஏத்திட்டுத்தான் போவார். என்ட மெசின் பழசு, நாலுக்கும் ஏத்தி முடிய ஒரு தேத்தண்ணி நேரம் போகும்."

நீங்கள் காற்றை இறக்குவதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். வள்ளம் வந்து சேர்ந்ததும், டயருக்குப் பக்கத்தில் குந்தி, குச்சியால் வால்வை அமத்தி, சீறுகிற சத்தத்தை எண்ணுவீர்கள். நான் ஓட்டத் தொடங்கிய முதல் நாள் அதே மாதிரிக் குந்தி, அதே மாதிரி எண்ணி இறக்கினேன். அதற்குப் பிறகு இறக்கத் தேவை வரவில்லை. பிக்கப் மணலில் வழுக்கிக்கொண்டு போனது. ஒருமுறை இறக்கினால் போதுமே, இந்த மனுசன் ஏன் தினமும் மினக்கெட்டார் என்று மனதுக்குள் சிரித்தேன். சந்தியில் நிற்காமல் போய் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். சப்பையாகத் தெரிந்தால் கால் பம்பால் கண் மட்டத்துக்கு நாலு அடி அடிப்பேன். தினமும் இறக்க வேண்டுமென்றால் தினமும் யாரோ ஏற்றியிருக்க வேண்டும் என்று இந்த மண்டைக்குத் தட்டவில்லை. இத்தனை மாதமும் ஐந்து பேரை வெந்த டயரில் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று நானாவிடம் கேட்டேன். உங்களிடம் கேட்க வேண்டியது.

"நானும் கேட்டன், வீட்டில சொன்னீங்களா எண்டு. அவ சரியான பயந்தவ, காத்துக் குறைஞ்சா டயர் வெடிக்கும் எண்டு தெரிஞ்சா நான் வருமட்டும் ஒவ்வொரு நாளும் வாசல் படலையில நிப்பா எண்டு சொன்னார்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏச்சுக் கேட்டாலும் பரவாயில்லை, பயப்படாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். நீங்கள் சொல்லியிருந்தால் நான் படலையில் நின்றிருப்பேன்தான். நின்றால் என்ன? நின்றிருந்தால் இன்று தெரிந்திருக்குமே. இதை எழுதும்போதும் அந்தக் கோபம் முழுக்க ஆறவில்லை. ஆனால் இருபது வருட ஏச்சையும் வாங்கிக்கொண்டு சிரித்த முகம் குறுக்கே வந்து நிற்கிறது.

பெரிய கட்டை வைத்த டயரைப் பற்றிக் கேட்டேன். நானா தலையை ஆட்டினார். "அது மணலைத் தோண்டும், புதைஞ்சு போயிருவீங்க. மணலுக்கு உதவுறது கட்டை இல்ல, காத்து. பாரம் தாங்குற டயரா எடுங்க, மிச்சத்தைக் காத்துப் பாத்துக்கும்." ஜப்பான் டயரை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், யார் எப்படி ஓடினார்களோ, அதன் உள்ளே யார் கைவிட்டுப் பார்த்தது? புது டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கிறது, எந்த வருடத்தின் எத்தனையாவது கிழமையில் செய்தது என்று. நானா வாசித்துக் காட்டினார். அந்தக் கிழமையில் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். அதைத்தான் பூட்டச் சொன்னேன்.

மறுநாள் பெண்களைக் கூட்டி நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். எழும்பிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போனால் குறை சொல்ல ஏலாது.

ஈஸ்வரி கேட்டாள், "இனி மறக்கமாட்டீங்களோ?"

"தெரியாது," என்றேன். "பயத்தில மறந்தாலும் மறப்பன்."

"அப்ப நாங்கள் ஞாபகப்படுத்துறம்."

இப்போது பிக்கப் மணலை விட்டுத் தாரில் ஏறியதும் ஐந்து பேரும் சேர்ந்து கூரையில் தட்டுகிறார்கள். நான் சந்தியில் நிறுத்துகிறேன். நானா தந்த காற்று மீட்டர் என் கைப்பையில் இருக்கிறது. நான்கு டயரையும் அளக்கிறேன், பிறகு நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரம் அளக்கிறேன். பயம் போகவில்லை. பாலம் வந்தால் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். மெசின் இரைந்து முடியும்வரை நானாவிடம் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறேன். கதைக்கவும் செய்கிறேன். அதிகம் உங்களைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்து சீலையைக் கழற்றும்போது அந்த மணம் வருகிறது. ஏன் இவ்வளவு நேரம் என்று ஏசத்தான் ஆளில்லை.