அப்பாவின் ஜன்னலுக்கு நான்கு எண்கள்

அன்பு மகன் லோரிஸுக்கு அம்மா எழுதுவது. டொரொண்டோவில் நீயும் மருமகளும் குழந்தைகளும் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. போன் செய்தால் "வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. வாடகை வீட்டுக்கென்று வைத்திருக்கிறாயே ஒரு நம்பர், அதற்குச் செய்தி அனுப்பிப் பார்த்தேன். உடனே பதில் வந்தது: மதிப்பிற்குரிய விருந்தினரே, வெனிஸ் நகரம் உங்களை வரவேற்கிறது, மதியம் மூன்று மணிக்கு மேல் வந்து சேரவும். பெற்றவளுக்கு வந்த பதில் இது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு வாண்டா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது லோரிஸ். துடுப்பும் கயிறும் போட்டுவைத்த கீழறையில் மனிதன் எத்தனை நாள் படுப்பான், சுவரெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது, சந்துப் பக்கம் பார்த்த கம்பி ஜன்னலில் போகிறவர் கால்தான் தெரிகிறது. மாடியை வெளியூர்க்காரர்களுக்கு விடலாம் என்று நீ சொன்னபோது அவர் மறுத்தாரா? ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வருஷம் பூரா யாருக்கு வேணா குடுடா. ரெதென்தோரே திருவிழா ராத்திரி மட்டும் என் ஜன்னல் எனக்கு வேணும்" என்றார். நீயும் சரி என்றாய். கால்வாயைப் பார்த்த ஜன்னல் உள்ளவன் எவனும் திருவிழா ராத்திரியில் அதை அந்நியனுக்கு விடமாட்டான், அன்றைக்குத்தான் சொந்தபந்தம் கூடிச் சாப்பிடும், வாணவேடிக்கை பார்க்கும். நீ முதலில் விற்றதே அந்த ராத்திரியைத்தான். இந்தத் தெருவில் பிறந்தவன் செய்கிற காரியமா இது? வெள்ளிக்கிழமை ஏதோ ஜெர்மன் குடும்பம் வருகிறதாம்.

போன மாதம் வீடு காலியென்று நினைத்து மேலே ஏறிப்போய்த் தன் கட்டிலில் படுத்துவிட்டார் பாவம், குளித்துவிட்டு வந்த பெண் அலறினாள், நீ அங்கிருந்தபடியே கதவின் நம்பர் பூட்டுக்கு எண்ணை மாற்றிவிட்டாய். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதைதான். துடைக்க வருகிற பெண்ணிடம் எண்ணைக் கெஞ்சிக் கேட்டேன், "சார் சொல்லாம தரக்கூடாதும்மா, என் வேலை போயிடும்" என்கிறாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். நான் மருமகளாக வந்து ஏறிய வாசல் அது, இப்போது பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "அவருக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் இப்பவே செய்ங்க, அடுத்த வருஷம்னு எதையும் தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார். அப்பாவோ, தினமும் "படகுப் பாலம் போட்டாச்சா?" என்று கேட்கிறார். கால்வாயின் குறுக்கே அதைப் போட்டால் திருவிழா வந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும், அதனால் இன்னும் இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை, "சுத்தியல் சத்தம் கேக்குது எர்சீலியா, என்னை ஏன் ஏமாத்துற, போய் ஜன்னல்ல விளக்கக் கட்டு" என்றார். வாசலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். பழைய இரும்புச் சாவியைக் கையில் பிடித்தபடியே தூங்குகிறார், அதற்கு இப்போது பூட்டே இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

அந்த ஜெர்மன் குடும்பத்தை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. மனம் வராவிட்டால் வரட்டும், ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட இடம் விட்டால் போதும், எல்லாருக்கும் நானே வெங்காயமும் வினிகரும் போட்டு மத்தி மீன் செய்து போடுகிறேன். ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும், தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன. வாண்டாவின் மகன்கள் அப்பாவை நாற்காலியோடு தூக்கி ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கதவு திறந்தால் போதும்.

குழந்தைகளை வெயிலில் விடாதே, நீயும் வேளைக்குச் சாப்பிடு, கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காக்கட்டும். பூட்டின் நான்கு எண்களை மட்டும் அனுப்பு ராசா, மறந்துவிடாதே. சனிக்கிழமை ராத்திரி கால்வாயை உலகமெல்லாம் காமிராவில் பார்க்கும், நீயும் பார். நம் ஜன்னலில் காகித விளக்கு எரிந்தால் அப்பா மேலே இருக்கிறார். எரியாவிட்டால், அவர் கீழறையில் வெடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்.

விருந்தாளி அல்லாத உன் அம்மா,
எர்சீலியா