சூரியகாந்தி ஒட்டிய படம்

பாசிர் ரிஸ்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்பு மகள் ரக்ஷனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கிறேன், ஆக்லாந்தில் குளிர் விட்டதா, உனக்கு இருமல் நின்றதா. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை, பாலிகிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். திலீப் அண்ணன் வேலை மாறிவிட்டான், புது ஆபீஸ் சாங்கியில், வீட்டுக்குப் பக்கம் என்பதால் எட்டு மணி வரை தூங்குகிறான். நமது புளோக்கில் லிஃப்டை மாற்றுகிறார்கள், இரண்டு வாரமாகப் படியேறித்தான் வருகிறோம், எட்டாவது மாடிக்கு அம்மா நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டிவிட்டுத்தான் வருவாள், லிஃப்டைக் கழற்றியது நான் என்பதுபோல. மூன்று ஞாயிறாக நீ போன் செய்தும் நான் எடுக்கவில்லை. அப்பா தூங்குகிறார், அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொன்னதெல்லாம் பொய். நான் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் குரல் எனக்குக் கேட்டது. பேச வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் ஏ ஒன் வாங்கியவள் நீ, நிதானமாகப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல் தேக்கா மார்க்கெட்டில் முகமது இஸ்மாயிலோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். துவாஸ் ஷிப்யார்டில் என்னோடு இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன், அவன் மகள் நஸீஹா உன்னோடு படித்தவள், மறந்திருக்க மாட்டாய். அவன் போனை நீட்டி, "டேய் ரத்னம், ஒன் மவ வெளிநாட்டுல மேடையில பேசுறா லா, நஸீஹா அனுப்புச்சு, பாரு பாரு" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன், என் பொண்ணு, என் பொண்ணு என்று. வளர்ப்பு வீடுகளில் வளரும் பிள்ளைகளைப் பற்றிய கூட்டம், நீ நீலச் சட்டையில் அழகாக நின்றாய். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீ இங்கிலீஷில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல். நான் வளர்ந்த வீட்டின் ஹாலில் ஒரு குடும்பப் படம் மாட்டியிருந்தது, அதில் நான்கு பேர், மூன்று பேருக்கு முகம் இருந்தது, என் முகத்தின் மேல் ஒரு சூரியகாந்தி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், எனக்கு யாரும் இல்லை என்று அந்தப் படம்தான் சொல்லிக்கொடுத்தது, அதனால் என்னை நானே வளர்த்துக்கொண்டேன் என்று சொன்னாய். முந்நூறு பேர் இருப்பார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா எழுந்து நின்று தட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் தேத்தண்ணியைப் பார்த்தார்கள். இஸ்மாயில் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பெரட்டா சாப்புடுறியா" என்று கேட்டான். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு தேக்கா பக்கமே போகவில்லை.

துரோகம் என்று எழுதினால் பெரிய வார்த்தை என்பாய். இருக்கட்டும், எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. என்னிடம் ஒரு தடவை, ஒரே தடவை, அப்பா அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாயா? முந்நூறு பேரிடம் சொன்னதை என்னிடம் சொல்ல உனக்கு இருபது வருஷம் போதவில்லையா? ஆறு வயதில் நீ இந்த வீட்டுக்கு வந்தபோது எப்படி வந்தாய் என்று அந்த மேடையில் சொன்னாயா? அதற்கு முன் இரண்டு வீடு மாறி வந்திருந்தாய், அதனால் பள்ளிப் பையில் உடுப்பை அடுக்கி, சாயங்காலம் ஆறு மணி ஆனால் லிஃப்ட் பக்கம் போய் நிற்பாய், யாரோ கூட்டிப்போக வருவார்கள் என்று. நானும் வந்து உன் பக்கத்தில் நிற்பேன். ஏழு மணிக்கு, இன்னிக்கு யாரும் வரலை, வா சாப்பிடலாம் என்பேன், வருவாய். நான்கு மாதம் அப்படி நின்றோம், வேலை முடிந்து துவாஸிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி, இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்து, பூட்ஸ்கூடக் கழற்றாமல் நான் நின்றேன். பாசிர் ரிஸ் பார்க்கில் சைக்கிள் பழகியபோது மூன்று தரம் விழுந்தாய், முட்டி கிழிந்து ரத்தம் வந்தது, "ஐ ஓக்கே லா" என்று நீயே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டாய். அந்தத் தைரியம் உன்னுடையதுதான், நான் கொடுத்ததில்லை, அதில் பங்கு கேட்டு வரவில்லை. ஆனால் சைக்கிளின் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவன் மூச்சு வாங்க ஓடினானே, அவனை எங்கே விட்டாய்?

அந்த ஸ்டிக்கர் கதையைக் கேள். முதல் நாளே மிஸ் அமலா, வளர்ப்புப் பிள்ளைகளைக் கவனிக்கிற ஆபீஸிலிருந்து உன்னைப் பார்க்க மாதாமாதம் வந்த ஆபீசர், எங்களை உட்காரவைத்து, "அங்கிள், வெளியாளுங்க பார்க்கற மாதிரி பாப்பா ஃபேஸ் வரக்கூடாது, அது ரூல்" என்று சொல்லியிருந்தார். உன்னைப் பெற்றவருக்கு நீ இருக்கும் இடம் தெரியக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தது. ஏன் என்று உனக்கே தெரியும், உன் முதுகில் இருந்த தழும்பை நான் எழுதப் போவதில்லை. 2005 தீபாவளிக்குச் சிராங்கூன் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் அந்தப் படத்தை எடுத்தோம், நீ பச்சைப் பாவாடை, திலீப் அண்ணன் கோபமாக ஜிப்பா. தீபாவளியன்று நம் வீட்டுக்கு நாற்பது பேர் சாப்பிட வருவார்கள், துவாஸ் டார்மிட்டரியிலிருந்து என் ஆட்களே பதினைந்து பேர், அப்போதுதான் எல்லார் கையிலும் கேமரா போன் வந்திருந்தது. யாராவது அந்தச் சுவர் முன்னால் நின்று படம் பிடித்து, அது யார் கைக்காவது போய், உன்னைப் பெற்றவர் வாசலில் வந்து நின்றால்? அதைவிட, ரூலை மீறினேன் என்று உன்னை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? நான் சேஃப்டி சூப்பர்வைசர், ஹெல்மெட் இல்லாமல் முதலாளி வந்தாலும் கேட்டுக்குள் விடமாட்டேன். உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் தாளை நீட்டி எது வேணும் என்று கேட்டேன். சூரியகாந்தி என்று நீதான் கை வைத்தாய். சிரித்தாய். இந்த வீட்டில் நீ சத்தமாகச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை, அந்த நாளை நான் பத்திரமாக வைத்திருந்தேன். கண்ணாடி மேல் ஒட்டியதைத் திலீப் உரித்துவிட்டான். அவனுக்கு முதுகில் ஒன்று வைத்துவிட்டு, சட்டத்தைப் பிரித்து, படத்தின் மேலேயே ஒட்டித் திரும்ப மூடினேன். வேலை என்றால் கச்சிதமாக இருக்க வேண்டும் எனக்கு.

இதையெல்லாம் எழுதி உன்னை நன்றாகக் கேட்டுவிட்டு, இனி நீ அங்கேயே இரு என்று முடிக்கத்தான் போன வாரம் உட்கார்ந்தேன். என் பக்கம் சாட்சி வேண்டும் என்று மிஸ் அமலாவுக்குப் போன் போட்டேன், ரிட்டையர் ஆகிவிட்டார், தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "அங்கிள், பேப்பர்ல, நெட்ல போடாதீங்கன்னுதானே சொன்னேன், வீட்டுச் செவத்துக்கு யாரு சொன்னா? நான் வர்றப்பல்லாம் பார்ப்பேன், பாப்பாவே வெளையாட்டுக்கு ஒட்டிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, முதலிலேயே தெளிவாகச் சொல்வதற்கென்ன என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அம்மா சமையலறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தீபாவளிக்கு ஒட்டுனீங்க, சரி. மறுநாள் ஏன் எடுக்கல?" என்றாள். உனக்கு இருபத்தொன்று ஆனபோது, ஃபைலை மூடிவிட்டோம் என்று மிஸ் அமலாவின் ஆபீஸிலிருந்து கடிதம் வந்ததே, அன்று எடுத்திருக்கலாம். நீ ஆக்லாந்துக்குப் போன அன்று ஏர்போர்ட்டிலிருந்து வந்தாவது எடுத்திருக்கலாம். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை, ரக்ஷா. நான் பார்க்கும்போதெல்லாம் சூரியகாந்திக்கு அடியில் உன் முகம் எனக்குத் தெரிந்தது, பச்சைப் பாவாடையோடு சிரிக்கிற முகம். உனக்கு அது தெரியவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. திலீப் அண்ணன் அப்போதுதான் வாய் திறந்தான், "அவளுக்குப் பன்னெண்டு வயசு இருக்கும், அண்ணா இத எடுக்கலாமான்னு என்கிட்ட கேட்டா. அப்பா கைய ஒடச்சிருவாரு, வுட்டுருன்னு சொல்லிட்டேன்" என்றான். நீ கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்கப் பயந்து அவனிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மேலே எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியட்டும்.

அன்று மத்தியானமே படத்தைக் கழற்றினேன். அம்மா தலை காயவைக்கிற மெஷினால் சூடு காட்டி, மெதுவாக, நகத்தால் ஓரத்தை நெம்பி நெம்பி ஒரு மணி நேரம் உரித்தேன். இருபது வருஷத்துப் பசை. ஸ்டிக்கர் வந்தது, படத்தின் மேல்தாளும் அதோடு வந்துவிட்டது. முகம் இருந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. மேலே ரிப்பன் தெரிகிறது, கீழே பாவாடை தெரிகிறது. ஸ்டூடியோ எப்போதோ மூடிவிட்டார்கள், ஃபிலிம் யாரிடமும் இல்லை. வேறு படம் இருக்கிறதா என்று இரண்டு நாள் அலமாரியைக் கொட்டித் தேடினோம், பள்ளிப் படங்கள் நிறைய இருக்கின்றன, நாம் நான்கு பேரும் சேர்ந்து ஸ்டூடியோவில் எடுத்தது அது ஒன்றுதான். நான் அழுதேன். அம்மா பார்த்தாள், அவளும் அழுதாள்.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். யாரும் இல்லை என்று நீ சொன்னது இன்னும் நெஞ்சில் குத்துகிறது, அது பொய், அதை நீ மாற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும். ஸ்டிக்கரைப் பற்றி நீ சொன்னது நிஜம், அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

தீபாவளி அக்டோபர் இருபது, திங்கட்கிழமை. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பஃபலோ ரோடு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் நேரம் வாங்கியிருக்கிறேன். எத்தனை பேர் என்று அங்கே இருந்த பெண் கேட்டாள், நான்கு பேர் என்று எழுதச் சொன்னேன். நீ வந்தால் படம், வராவிட்டால் அந்த நேரத்தை ரத்து செய்துவிடுவேன், மூன்று பேராக எடுக்கமாட்டோம், அண்ணனும் அதையேதான் சொன்னான். ஹாலில் ஆணி மட்டும் இருக்கிறது, யாரும் அதில் எதையும் மாட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், இதுவும் ரூல்தான், சிரிக்காதே. போன வெள்ளிக்கிழமை காத்தோங் பிள்ளையார் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். உன் நட்சத்திரம் யாருக்கும் தெரியாது அல்லவா, நீ நம் வீட்டுக்கு வந்த நாளின் நட்சத்திரத்தைத்தான் நான் எப்போதும் சொல்வது, ரக்ஷனா, அனுஷம் என்று. ஐயர் ஒரு தடவையும் சான்று கேட்டதில்லை. நீ தீர்க்காயுசாக, யாருக்கும் தலைகுனியாமல், வயிறார மனசார இருக்க வேண்டும். பாஸ்போர்ட் தேதி முடியப்போகிறது என்று அம்மா சொன்னாள், நாளைக்கே போய்ப் பார், கடைசி நேரத்தில் ஓடாதே. கம்பளிச் சட்டை எடுத்துவர வேண்டாம், இங்கே வேர்க்கிறது.

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா ஃபாரம், நீச்சல் ஃபாரம், பல் டாக்டர் ஃபாரம் என்று உனக்காக நான் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பிள்ளைக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் வளர்ப்புப் பெற்றோர் என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும், நானும் ஒழுங்காக அப்படியே எழுதினேன். இந்தத் தாளில் அந்தக் கட்டம் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ரத்னவேல்